குடை விரிக்கக்கூடாத முற்றம்

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத்தான் நான் அந்த நாடகத்துக்குப் போனேன்.

சம்பந்தப் பேச்சு, கோயிலில் தெரிந்த ஒருவர் மூலம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்தார்கள். முதல் தரமே வீட்டுக்கு வரச் சொல்வது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. வந்து தேத்தண்ணி குடித்துவிட்டால் அது பாதிச் சம்மதம். பிறகு சரிவராவிட்டால் ஊர் முழுக்கக் கதை. அதனால் எங்கேயாவது தற்செயலாகக் கண்டதுபோல் காண்போம். மற்றவர்கள் பூசை முடிந்து கோயில் வாசலில் காண்பார்கள். என் மகள் தேம்ஸ் கரையிலுள்ள வட்டமான நாடகசாலையைச் சொன்னாள். பழங்காலத்தில் இருந்ததைப் போலவே மரத்தாலும் நாணற் கூரையாலும் திரும்பக் கட்டியது. அவள் அடிக்கடி போகிற இடம்.

கணவருக்கு அன்று வேலை. நாங்கள் இருவரும் ரயிலில் போனோம்.

"அம்மா, எனக்குப் பிடிக்கேல்லையெண்டா தலையிடிக்குது எண்டு சொல்லுவன். உடனை வெளிக்கிடோணும், சரியே?" என்றாள்.

ஓம் என்றேன். ஏற்கெனவே இரண்டு இடத்தில் அவளுக்குத் தலையிடித்திருந்தது.

எந்த இடத்தில் டிக்கெட் எடுக்க என்று முதலே அவள் கேட்டபோது, மேடைக்கு முன்னால் என்று சொல்லியிருந்தேன். எங்கள் ஊர்த் திருவிழா நாடகங்களுக்கு முன்னுக்குப் பாய் விரிக்கத்தான் போட்டி. உள்ளே போன பிறகுதான் விளங்கியது, இங்கே முன்னுக்கு என்றால் கூரையில்லாத முற்றத்தில் கடைசிவரை நிற்பது; ஆக மலிவான டிக்கெட்டும் அதுதான். வசதியாகப் பார்க்க வந்தவர்கள் சுற்றிவர மேல்தட்டுகளில் இருந்தார்கள். அவர்கள் அனுப்பியிருந்த படத்தில் பார்த்த முகங்களும் அங்கேதான் இருந்தன. நீலக் கம்பளிச் சட்டையோடு தாய், பக்கத்தில் மாப்பிள்ளை.

பகல் வெளிச்சம். அவர்களுக்கு மேடை தெரிகிற அளவுக்கு நானும் தெரிந்தேன். கைப்பையைத் தோள் மாற்றினேன். கால் மாற்றி நின்றேன். கஞ்சப் பிசினாறிகள் என்று நினைப்பார்களோ? மேடையில் ஒருவன் செத்துக்கொண்டிருந்தான். நான் மகளின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை வந்தது. குடையை விரித்தேன். அங்கே வேலை செய்கிற பெண் ஒருத்தி வந்து, பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கும் என்று மெதுவாகச் சொன்னாள். மடக்கிவிட்டு நனைந்தேன். மேலே பார்க்கவே இல்லை.

இடைவேளையில் ஆற்றோரக் கம்பி அருகே தற்செயலாகக் காண்பதாக ஏற்பாடு. என்ன சொல்வதென்று ஒரு வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன், எங்கேயோ கண்ட முகம்போல் இருக்கிறதே என்று. ஆனால் அந்தத் தாய் நேரே வந்து என் ஈரக் கையைப் பிடித்தா.

"உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். நாடகம் ஒண்டும் விளங்கேல்லை" என்றா.

எனக்கும் அப்படித்தான். தலையை ஆட்டினேன்.

மாப்பிள்ளை தன் டிக்கெட்டை என்னிடம் நீட்டி, என்னை மேலே போய் இருக்கச் சொன்னார், தான் கீழே நிற்கிறாராம். மகள் அவரின் பளபளத்த சப்பாத்தைப் பார்த்தாள்.

"நனையோணும். ஏலுமே?"

"பாப்பம்" என்றார்.

மிச்ச நாடகத்தை மேலேயிருந்து பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கீழே இரண்டு ஈரத் தலைகளைத்தான் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். மகள் ஏதோ சொன்னாள். அவர் குனிந்து கேட்டார். அவள் கை நெற்றிக்குப் போனது. நான் எழும்பக் கைப்பையை எடுத்தேன். மயிரை ஒதுக்கிவிட்டுக் கையை இறக்கினாள்.

"எப்ப உங்கடை வீட்டை வாறது?" என்று பக்கத்திலிருந்த தாய் கேட்டா.

மகளைக் கேட்டுச் சொல்லுகிறேன் என்றேன். அவவின் முகம் கொஞ்சம் வாடியது.

முடிந்ததும் அவர்கள் நடைபாலத்துப் பக்கம் போனார்கள். நாங்கள் மற்றப் பக்கம் நடந்தோம். ஆற்றுத் தண்ணி இறங்கிக் கரையில் கல்லும் சேறும் தெரிந்தன. மகள் ஈர மயிரைப் பிழிந்துகொண்டு வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"தலையிடிக்குதோ?"

"இல்லை அம்மா."

திரும்பிப் பார்த்தேன். சனத்துக்குள் நீலக் கம்பளிச் சட்டை பாலத்துப் படியடிக்குப் போய்விட்டது. இந்த நாட்டில் தெருவில் நின்று ஒருநாளும் நான் சத்தம் போட்டதில்லை.

"அக்கா, தேத்தண்ணிக்கு வாங்கோ" என்று கூப்பிட்டேன். கேட்கவில்லை. ஈரச் சப்பாத்தோடு ஓடத் தொடங்கினேன்.