பாதாளக் கரண்டியில் நின்ற வள்ளம்

போன மாதம் என் தம்பி மகன் தன் பிறந்தநாளுக்கு எங்கள் எல்லோரையும் மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கிராமத்துச் சாப்பாடு என்று போர்டு. உள்ளே நுழைந்தால் வண்டிச் சக்கரம், லாந்தர், உலக்கை என்று நாங்கள் பரணில் போட்டு மறந்ததையெல்லாம் வார்னிஷ் அடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். எங்கள் மேசைக்கு மேலே ஒரு பாதாளக் கரண்டி தொங்கியது. கொக்கிக்கு ஒன்றாக மஞ்சள் பல்பு.

"அத்தை, இது என்ன?" என்று அண்ணாந்து பார்த்துக் கேட்டான்.

"நங்கூரம்" என்றேன்.

அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "விருதுநகர்ல நங்கூரமா? குடிக்கத் தண்ணிக்கே குடத்தோட அலைஞ்ச ஊரு. கப்பலா விட்டீங்க?"

கப்பல் இல்லை, வள்ளம். விட்டோம்தான். அதைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் சூப் வந்துவிட்டது. சூப் வந்தபிறகு எங்கள் வீட்டில் யாரும் கதை கேட்கமாட்டார்கள். அதனால்தான் உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

பாதாளக் கரண்டியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிணற்றில் இறைக்கும்போது கயிறு அறுந்து வாளி உள்ளே போய்விட்டால், அதைத் துழாவி எடுக்கிற இரும்புக் கொக்கிக் கொத்து அது. ஊருக்கு ஒரு வீட்டில்தான் இருக்கும். கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் சும்மா கொடுக்கமாட்டார்கள். ஒரு பாத்திரத்தை ஈடாக வைக்க வேண்டும். கரண்டி திரும்பி வந்தால் பாத்திரம் திரும்பிப் போகும். ஈட்டைக் கொடுக்காமல் கரண்டியை மட்டும் பிடுங்கிக்கொண்டால் அந்த வீட்டுக் கிணறு வற்றிவிடும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் சாமி கண்ணைக் குத்தும் என்றால் கூடச் சிரிப்பார்கள். கிணறு வற்றும் என்று சொல்லிப்பாருங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசி. டீச்சர் ட்ரெயினிங் முடித்த கையோடு, சாத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய கண்மாயின் தென்கரையில் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. என்னோடு சேர்ந்தவள் எஸ்தர். என் வயதுதான், தூத்துக்குடிக்காரி. இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே மண்ணெண்ணெய் ஸ்டவ். அந்த ஸ்டவ் புகைக்கும் வாடை இப்போது எங்கே அடித்தாலும் எனக்கு எஸ்தர் வைக்கும் புளிக்குழம்பு ஞாபகத்துக்கு வரும். நல்ல குழம்பு என்று சொல்லமாட்டேன்.

கண்மாய்க்கு வடகரையில் ஒரு சின்ன ஊர். வருஷத்தில் முக்கால்வாசி நாள் கண்மாய்க்குள் தண்ணீர் கிடையாது. வடகரைப் பிள்ளைகள் அதன் நடுவிலேயே நடந்து வந்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகினால் வழி போய்விடும். சுற்றி வரலாமென்றால் ஓடை குறுக்கே ஓடும். தை வரைக்கும் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

ஆனால் வேலை இருந்தது. வடகரையில் நிலபுலனெல்லாம் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். பெரிய வீடு என்பார்கள். அவர்கள் கரையோரமாக ஒரு கொட்டகை போட்டு, சிவகாசித் தீப்பெட்டிக் கம்பெனிக்குக் குச்சி அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசை வரிசையாக அடுக்கும் வேலை. மழை பெய்தால் பட்டாசுக்காரரும் தீப்பெட்டிக்காரரும் காயப்போட வழியில்லாமல் வானத்தைத் திட்டுவார்கள். குச்சி அடுக்குவதற்கு வெயில் தேவையில்லை. சின்ன விரல் போதும். பெரிய வீட்டுக்கார ஐயா ஒருவர்தான் அந்த வட்டாரத்தில் மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர் என்று நினைக்கிறேன்.

வடகரையிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வந்து சேர்ந்தவள் ஒரே ஒருத்தி, மாரியம்மாள். இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவள். கணக்கில் புலி. அந்த வருஷம் அவள் அரசாங்கப் பரீட்சை எழுத வேண்டும். மழை ஆரம்பித்ததும் தலைமையாசிரியர், "வருகை குறைஞ்சா நான் பரீட்சைக்கு அனுப்ப முடியாது, விதி அப்படி" என்று கையை விரித்துவிட்டார். அவளோ ஒரு நாள் ஓடையில் கழுத்தளவு நனைந்து வந்து நின்று, "டீச்சர், சார் எம்பேரை அடிச்சிருவாகளா?" என்று கேட்டாள். குளிரில் பல் தந்தியடித்தது அவளுக்கு. பேரை அடித்தால் அவள் போகிற இடம் எது என்று எனக்குத் தெரியும். எனக்கு வந்த கோபம் இந்த வயதிலும் ஆறவில்லை.

எங்கள் மிஷன் போதகரிடம் ஒரு படகு கேட்டுச் சொல்லி அனுப்பினோம். அவர் தூத்துக்குடியிலிருந்து வந்த உப்பு லாரியில் ஒரு பழைய சின்ன வள்ளத்தை ஏற்றி அனுப்பினார். நங்கூரம் அனுப்ப மறந்துவிட்டார். "எஸ்தர் டீச்சர் கடக்கரைக்காரவுக, அவுகளுக்குத் தெரியாததா" என்று ஊரே சொன்னது. அன்று சாயங்காலம் அவள் என் காதில், "ஏட்டி, எங்கப்பா துறைமுக ஆபீஸ்ல பேனா பிடிச்ச ஆளு. நான் கப்பலை ஜன்னல் வழியாத்தான் பாத்திருக்கேன்" என்றாள். எனக்கு நீச்சலும் தெரியாது. இரண்டு பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினோம். வள்ளம் முதலில் வட்டமடித்தது. பிறகு, எங்கள் பிடிவாதத்தைப் பார்த்து, நேராகப் போனது.

வடகரையில் ஒரு கருவேலமரத்தில் கட்டிவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட வீடு வீடாகப் போனோம். இரண்டொரு நாள்தான். அப்புறம் ஒரு காலையில் பெரிய வீட்டு ஐயாவே கரைக்கு வந்துவிட்டார். கோபமாகப் பேசவில்லை. மரியாதையாகப் பேசியே வாசலைச் சாத்துகிற ஆள்.

"பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் குடுக்கிறீக, நல்ல காரியம் டீச்சரம்மா. ஆனா எங்கரையில படகைக் கட்டாதீக. முளை அடிக்காதீக. இளுத்துப் போடாதீக. அம்புட்டுத்தான்."

திரும்பி வரும்போது எஸ்தரிடம் கேட்டேன். "கரை அவருது. தண்ணி யாருது?"

"சர்க்காருது."

"அப்ப தண்ணியிலயே நிறுத்துவோம்."

சொல்வது சுலபம். ஆள் இல்லாத வள்ளம் தண்ணீரில் தானாக நிற்குமா? வாடைக்காற்று வடகரையிலிருந்து கண்மாய்க்குள் தள்ளும். முதலில் கழியைச் சேற்றில் ஊன்றிக் கட்டினோம். கரிசல் சேறு, கழி மெதுவாகச் சாய்ந்து வள்ளத்தோடு கிளம்பிவிட்டது. அடுத்து எங்கள் அறையிலிருந்த அம்மிக் குழவியைக் கயிற்றில் கட்டிப் போட்டோம். இங்கேதான் நாங்கள் கிணற்றுக்காரர்கள் என்பதைக் காட்டிக்கொண்டோம். எங்கள் ஊரில் கயிறு என்றால் தண்ணீரைத் தொடும் அளவுக்குத்தான். அதற்கு மேல் ஒரு முழம் விட்டால் வீண் என்று வளர்த்திருக்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு ஆழமோ அவ்வளவே கயிறு விட்டு, விறைப்பாக இழுத்து முடிந்துவிட்டு நான் இறங்கினேன். எஸ்தர் வள்ளத்தில் இருந்தாள்.

நான் ஊருக்குள் போய்த் திரும்பினால் வள்ளத்தைக் காணோம். தூரத்தில் எஸ்தர் நின்றுகொண்டு இரண்டு கையையும் ஆட்டுகிறாள். குழவி அடியில் உருண்டு உருண்டு அவளோடேயே போய்க்கொண்டிருந்தது. காற்று தள்ளுகிற திசையில்தான் கலுங்கு. நிறைந்த தண்ணீர் கற்கட்டின் மேல் வழிந்து விழும் இடம், அதில் மாட்டினால் எருமை கூட மிஞ்சாது. நான் கரையில் நின்று கத்தியதை ஜெபம் என்று சொல்ல முடியாது. நல்லவேளை, தண்ணீரில் பாதி முங்கி நின்ற ஒரு கருவேலங்கிளையை அவள் எட்டிப் பிடித்துவிட்டாள். முள் கிழித்து இரண்டு உள்ளங்கையும் ரத்தம். ஒரு வாரம் நான்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன்.

"விட்டுருவோமாட்டி?" என்று கேட்டேன்.

"வெட்கமா இல்லை உனக்கு?" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

யோசித்தோம். பள்ளிக்கூட வாசலில் ஒரு கன்றுக்குட்டி கட்டியிருந்தது. கயிறு குட்டையாக இருந்த நாளில் அது தலையைத் தூக்கித் தூக்கி இழுத்து முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. நீளக் கயிற்றில் கட்டிய நாளில் எவ்வளவு இழுத்தும் முளை அசையவில்லை. மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கும், தரையோடு இழுத்தால் பிடிக்கும். அடடா என்றிருந்தது. உருளுகிற குழவி ஆகாது, சேற்றைக் கவ்வுகிற கொக்கி வேண்டும். கயிறும் தாராளமாக வேண்டும். பம்புசெட் வந்துவிட்ட ஒரு வீட்டில், மாடு கட்டி நீர் இறைத்த கமலையின் வடம் சும்மா கிடந்தது, வாங்கிக்கொண்டோம். கொக்கி? கண்மாயைச் சுற்றி ஒரே ஒரு பாதாளக் கரண்டிதான். அது பெரிய வீட்டில் இருந்தது.

எங்களிடம் ஈடு வைக்கத் தகுந்ததாக இருந்தது என் அம்மா கொடுத்தனுப்பிய பீங்கான் ஊறுகாய் ஜாடி ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன். பெரிய வீட்டம்மா வந்தார்கள். அதிகம் பேசாதவர்கள்.

"எந்தக் கெணத்துல வாளி விளுந்துச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கெணறு இல்லம்மா, கண்மாய். வாளியும் இல்ல, பிள்ளைக."

அந்த அம்மா உள்ளே போய்க் கரண்டியை எடுத்து வந்து என் கையில் வைத்துவிட்டு, ஜாடியை வாங்கிக்கொண்டார்கள்.

இனி புதிதாக வள்ளம் நிறுத்தப் பழகுகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிக் காற்றை எதிர்த்துக் கொஞ்சம் மேலே போய்விட வேண்டும். வள்ளம் ஓட்டம் அடங்கி நிற்கும்போது கொக்கியை மெதுவாக இறக்க வேண்டும். வீரமாக வீசினால் கயிறு காலைச் சுற்றி ஆளையும் கூட்டிக்கொண்டு போகும், எனக்கு நடந்தது. பிறகு காற்றே வள்ளத்தைப் பின்னால் தள்ளட்டும். கயிற்றை விட்டுக்கொண்டே இருங்கள், ஆழத்தைப் போல ஐந்தாறு மடங்கு. ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தால் கொக்கி கவ்வியது கையில் தெரியும். கயிற்றை முன்முனையில் கட்டுங்கள். பின்னால் கட்டினால் அலை உள்ளே ஏறும், ஒரு பெட்டி சாக்பீஸ் எங்களுக்கு அப்படிக் கரைந்தது. கடைசியில் கரையில் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் ஒரு கூரை முனையையும் ஒரே நேராகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் விலகாமல் இருக்கிறவரை வள்ளம் நகரவில்லை என்று அர்த்தம்.

மறுநாளிலிருந்து வள்ளம் வடகரைக்கு முன்னால், கரையைத் தொடாமல், தண்ணீரில் நின்றது. பிள்ளைகள் மாற்றுத் துணியையும் சிலேட்டையும் தலையில் வைத்துக்கொண்டு, வடத்தைப் பிடித்தபடியே இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து ஏறினார்கள். முதலில் ஏறுபவள் மாரியம்மாள். கொட்டகையில் ஆள் குறைந்தது.

பெரிய வீட்டு ஐயா ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஆட்களோடு கரைக்கு வந்தார். ஊரும் வந்தது.

"படகை எடுத்துருங்க டீச்சரம்மா."

"உங்க கரையில கட்டலையே ஐயா. மரத்துல இல்ல, முளையும் இல்ல. சர்க்கார் தண்ணியில நிக்குது." தண்ணீருக்குள் நின்றபடியே சொன்னேன்.

"ஏலே, போய்ப் பிடுங்குலே அதை" என்று ஒரு ஆளை ஏவினார். அவன் இறங்கி வடத்தைப் பிடித்துக்கொண்டே போய்க் கொக்கியைத் தூக்கினான். தூக்கினவன் அப்படியே நின்றான். "முதலாளி, இது நம்ம வீட்டுப் பாதாளக் கரண்டில்லா!"

கரையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் கறுத்துவிட்டது. "கொண்டாலே இங்கன."

"தாராளமா எடுத்துக்கோங்க" என்றேன். "ஈடு வச்சு வாங்கினது. எஞ்சாடியைக் குடுத்துட்டு எடுத்துக்கோங்க."

கூட்டத்தில் கிழவர்கள் தலையை ஆட்டினார்கள். அது நியாயம், அதை அவரும் மறுக்க முடியாது. ஜாடியைக் கொண்டுவர ஒருவனை வீட்டுக்கு விரட்டினார். போனவன் வெறுங்கையோடு வந்தான்.

"என்னலே?"

"அம்மா சாடி நெறைய நார்த்தங்கா உப்புல போட்டுருக்காகளாம். தை முடியிறவரைக்கும் தெறக்கக் கூடாதாம். தெறந்தா பூசணம் பிடிச்சிரும்னாக."

"வேற சட்டியில மாத்தச் சொல்லுலே!"

"சொன்னேன் முதலாளி. உப்புல போட்டதைக் கை மாத்தக் கூடாதுன்னுட்டாக."

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாசலில் யாருமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவருடைய ஆளே கொக்கியைப் பழைய இடத்தில் பதமாக இறக்கி, சுண்டியும் பார்த்துவிட்டுப் போனான். தை முடிகிறவரைக்கும் வள்ளம் நின்றது. மாரியம்மாள் பேரைத் தலைமையாசிரியர் அடிக்கவில்லை.

ஏப்ரலில் பரீட்சை வந்தபோது கண்மாயில் தண்ணீரே இல்லை. வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள், சாய்ந்து கிடந்த வள்ளத்தைத் தாண்டி, மாரியம்மாள் நடந்தே வந்து சாத்தூர் பஸ் ஏறினாள். எனக்கும் எஸ்தருக்கும் அழுகை வந்தது. சந்தோஷ அழுகை இல்லை, ஜெயித்த வீம்பு.

பாஸ் செய்தாள். ரிசல்ட் வந்த மறுநாள் அந்தக் கொட்டகைக்குப் போனாளாம். குச்சி அடுக்கிக்கொண்டிருந்த தன் தங்கையின் கையைப் பிடித்து எழுப்பினாளாம்.

"எங்கன கூட்டிட்டுப் போற?" என்று மேற்பார்வைக்காரன் மறித்திருக்கிறான்.

"பள்ளிக்கூடத்துக்கு."

"பள்ளிக்கூடம் லீவுல்லா."

"தெறக்கும்லா" என்று சொல்லிவிட்டுத் தங்கையோடு வெளியே வந்துவிட்டாள்.

போன வருஷம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். கலுங்குக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எஸ்தரும் இல்லை, அவளை நினைக்காத நாள் இல்லை. அந்தக் காலம் மாதிரி வருமா என்று என் வயதுக்காரர்கள் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அந்தத் தண்ணீர் வேண்டும், எஸ்தர் வேண்டும். மற்றதை யாரும் எனக்குத் திருப்பித் தர வேண்டாம்.

வடகரையில் குச்சிக் கொட்டகை இருந்த இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. ஒரு தூண் இல்லை, ஒரு ஓட்டுச்சில்லு இல்லை. அதன் நடுவில் போய் நின்று, "ஒழிஞ்சது சனியன்" என்று வாய்விட்டே சொன்னேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.