ராமாத்தாள் கோவளம் போன ஆடி

ராமாத்தாளுக்குக் கடல் பார்க்கிற ஆசை நேற்று இன்று வந்ததல்ல. வெள்ளகோவில் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்து, முதலிபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் நின்றே பாதி ஆயுளைக் கழித்தாயிற்று. எந்த நாட்டுக்காரனோ கடற்கரையில் போட்டுக்கொண்டு உருளுவதற்கென்று தைக்கிற அரை டவுசர்களில் நூல் பிசிறு வெட்டி வெட்டி அவள் விரல் காய்த்துப் போயிருந்தது. டவுசர் போய்ப் பார்க்கிற கடலை, அதைச் சரிபார்த்து அனுப்புகிறவள் பார்க்கவில்லை. இது என்ன நியாயம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தீபாவளி லீவில் போகலாமென்றால் சொந்தபந்தம் வந்து இறங்கிவிடும். பொங்கலுக்கு நோம்பி வேலை. கோடையில் ஷிப்மென்ட் என்று மேனேஜர் கழுத்தைப் பிடிப்பார். மிச்சமிருப்பது ஆடி ஒன்றுதான். கல்யாணம் காட்சி கிடையாது, கம்பெனியிலும் வேலை மந்தம். ஆக, ஆடியிலேயே மேற்குக் கடற்கரைக் கோவளம் என்று முடிவு கட்டினாள். தன் மேசைப் பெண்களையும் கூட்டுச் சேர்த்து வேனும் பேசிவிட்டாள்.

வீட்டுக்காரர் தங்கராஜ் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிக்கொண்டது.

“ஏம்புள்ள, மழைக்காலத்துல எவனாச்சும் கடலுக்குப் போவானா? அக்கட்ட மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. ரூமுக்குள்ள உக்கோந்து செவுத்தப் பாத்துட்டுத்தான் வரப்போறீங்க.”

“செவுத்தப் பாக்க அத்தாந்தூரம் போவாங்களாங்க? கடல்ல காலை நனைச்சுப்போட்டுத்தான் வருவோம்.”

“நனைக்காம வந்தீன்னா?”

“இனி டூருங்கற பேச்சையே எடுக்க மாட்டனுங்க!”

ரோஷத்தில் வாயை விட்டுவிட்டாள். சேதி சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் பரவி, மற்ற பெண்களின் வீட்டுக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கால் நனையாமல் திரும்பினால் யாருக்குமே இனி டூர் கிடையாதாம். தையல் மிஷினில் உட்காருகிறவளென்றாலும் இவர்களோடு சேர்ந்துகொண்ட ஜெயசுதா, சிவகாசிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள், தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“யக்கா, உங்க ஒருத்தி வாயால எங்க அத்தனை பேருக்கும் சேத்துல்ல ஆப்பு வச்சுட்டீங்க!”

அதோடு, எவள் வீட்டிலும் உருப்படியான குடை இல்லை. மழை பெய்தால்தானே குடை வாங்கத் தோன்றும்? வாங்கினாலும் கடல் காற்றுக்குக் குடை நிற்காது என்றாள் ஜெயசுதா. ராமாத்தாள் யோசித்தாள். கட்டிங் செக்‌ஷன் மூலையில், துணி ரோல்களைச் சுற்றி வருகிற பாலித்தீன் உறைகள் குப்பையாகக் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் ஆள் உயரம். கட்டிங் மாஸ்டரிடம் கேட்டு வாரிக்கொண்டு வந்தாள். தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை. கழுத்து கிழியாமலிருக்க, பனியனுக்கு வைக்கிற கழுத்துப் பட்டியையே வைத்து ஜெயசுதா தைத்துக் கொடுத்தாள். போட்டுப் பார்த்துவிட்டு ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிப் போனது.

கோவளத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மழை கண்ணை மறைத்தது. ஊர் பார்க்க வந்தவர்களெல்லாம் ஓட்டல் வராந்தாவில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடற்கரையில் சிவப்புக் கொடி. குறுக்கே நீளமாக ஒரு கயிறு. கயிற்றுக்குப் பக்கத்தில் விசிலும் கையுமாக ஒரு காவலர்.

“அம்மா, கயிறு தாண்டக்கூடாது கேட்டோ. இன்னிக்குக் கடல் சரியில்லா” என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

ராமாத்தாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணெதிரே கடல் இரைகிறது, கால் எட்டவில்லை. தங்கராஜின் சிரிப்பு காதிலேயே கேட்டது. அவர் சிரித்தால்கூடப் போகட்டும். தன்னை நம்பி வந்த இந்தப் பெண்களை இனி யார் வெளியே அனுப்புவார்கள்?

“போயிரலாம்க்கா” என்றாள் ஜெயசுதா, அழுகிற குரலில்.

“சித்த இரு கண்ணு.” ராமாத்தாள் காவலரிடம் போனாள். “ஏனுங்க சாமி, கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்கலாமுங்களா?”

“நிக்கலாம். ஆனா மழையல்லவா!”

“பேஞ்சா பேயட்டுமுங்க. எங்கூர்ல மழையப் பாக்கறதுக்கே தவங்கெடக்கோணும்.”

நின்றார்கள். விடிந்தால் பொழுதுபோனால் மேசை முன்னால் நிற்கிறவர்களுக்கு நிற்பது ஒரு பெரிய காரியமா? பாலித்தீன் உறைமேல் மழை தடதடவென்று அடித்தது. வராந்தாக்காரர்கள் செல்போனை நீட்டிப் படமெடுத்தார்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்று ராமாத்தாள் நிமிர்ந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் பயமெல்லாம் விட்டு, ஒருத்தி கைதட்ட, இன்னொருத்தி பாட்டெடுக்க, கயிற்றோரமாகக் கும்மியே கட்டிவிட்டார்கள். வெயிலுக்கே பிறந்தவர்கள் மேல் இவ்வளவு மழை விழுந்தால் வேறென்ன செய்வார்கள்!

ராமாத்தாள் மட்டும் கும்மிக்கு நடுவே ஒன்றைக் கவனித்தாள். கடல் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் தூரத்தில் திரும்பிய அலை, இப்போது இன்னும் கொஞ்சம் மேலே வந்து திரும்பியது. அடுத்தது அதற்கும் மேலே. அவள் பாட்டை நிறுத்திவிட்டு, “வா சாமி, வா” என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். ஒரு பெரிய அலை தூரத்தில் உடைந்து, நுரையாய்ச் சரசரவென்று மணலில் ஏறி, கயிற்றுக்குக் கீழே நுழைந்து, அத்தனை பேர் கணுக்காலையும் சுற்றிக்கொண்டு நின்றது. வெதுவெதுப்பாக இருந்தது. காவலர் கடலைப் பார்த்தே விசில் ஊதினார். பெண்கள் போட்ட கூச்சலில் வராந்தாக்காரர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்னால் போகச் சொல்லிக் காவலர் கையாட்ட, எல்லாரும் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்கள். ராமாத்தாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

டீக்கடைக்குள் ஒதுங்கித் தங்கராஜுக்கு வீடியோ கால் போட்டாள். மணல் அப்பிய ஈரக் காலைத்தான் முதலில் காட்டினாள்.

“கயித்த நாங்க தாண்டலீங்க. கடல்தான் எங்களத் தேடித் தாண்டி வந்துச்சு.”

தங்கராஜ் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பின்னால் பெண்கள் கும்மாளம் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“ஏம்புள்ள... அடுத்த ஆடிக்கு வேன்ல எனக்கொரு எடங் கெடைக்குமா?”

ராமாத்தாள் டீயை ஒரு வாய் உறிஞ்சினாள்.

“எங்க மேசைப் பொண்ணுககிட்டக் கேட்டுச் சொல்றனுங்க.”