பித்தம் என்று சொல்லிவைத்தோம்

எங்கள் முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை பார்க்கும் பிர்கிட், தினமும் மதியம் சாப்பாட்டு அறையில் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரையை வைத்துவிட்டு, "எனக்கு டிப்ரெஸியோன், மனச்சோர்வு நோய், மறந்தால் வம்பு" என்று மேசையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுவாள். உப்பைத் தள்ளு என்று கேட்பதும் அதே குரலில்தான். ஜெர்மனிக்கு, இந்தக் கார்ல்ஸ்ரூவுக்கு வந்து ஒன்பது வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று நான்தான் கதவைப் பார்ப்பேன். விழுந்தால் என்ன? அவளுக்கு இங்கே குடியா முழுகிப்போகப் போகிறது?

உன் வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா என்று ஒருநாள் கேட்டாள். தென்காசியில் இருக்கிற என் தம்பி கணேசனை நினைத்துக்கொண்டு, அவனுக்குப் பித்தம் என்றேன். அகராதியில் பார்த்து நான் சொன்ன ஜெர்மன் சொல்லை வைத்து அவள் பித்தப்பை என்று எடுத்துக்கொண்டாள். மறுநாள் கல் எடுக்கிற நல்ல டாக்டர் ஒருவரின் பெயரை எழுதிக்கொண்டு வந்து தந்தாள். நன்றி சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன். பொய் பழகிய வாய்க்கு எந்த மொழியானால் என்ன.

கணேசனுக்கு இருபது வயதில் வந்தது. சில வாரம் உறக்கமில்லாமல் பறப்பான், பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பான். திருநெல்வேலி டாக்டர் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் சொன்ன பெயர் பைபோலார். என்னைப் பெண் பார்க்க வரவிருந்த நேரம் அது. டாக்டர் சீட்டைப் பீரோவில் சேலை மடிப்புக்குள் வைத்துவிட்டு, "லேசாப் பித்தம்" என்று சொல்லிக்கொள்ளலாம் என யோசனை சொன்னது அம்மா இல்லை, நர்சிங் படித்த நான். எங்கள் பக்கம் பித்தம் மரியாதையான நோய். தலைசுற்றினாலும் பித்தம், எரிந்து விழுந்தாலும் பித்தம். பைத்தியம் என்று ஒரு சொல் வெளியே போய்விட்டால் அந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அவனிடமும் பித்தத்துக்கு மாத்திரை என்றே கொடுத்தோம். சொல்லிச் சொல்லி அம்மாவே அதை நம்பிவிட்டாள். கல்யாணமாகி இரண்டாம் வருடம் என் கணவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "எங்க வீட்டுல மூச்சு விட்டுராத" என்றார்.

போன குற்றாலச் சாரல் சமயத்தில், ஒரு மதிய இடைவேளையில் அம்மா போனில் வந்தாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

"ஏட்டி, உன் தம்பி தெளிஞ்சிட்டான். விடியுமுன்ன எண்ணெ தேச்சு, ஆட்டோவுல குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயி அருவியில நிப்பாட்டுதேன். இன்னைக்கு இருவதாவது நாளு. ஒரு மண்டலம் முடியணும்."

"மாத்திரை?"

"அது சூடுல்லா. குளிக்கதோட சேரக் கூடாதுன்னு நிப்பாட்டிட்டேன். கலகலன்னு பேசுதான். நாலு நாளா உறங்கவே இல்ல, வீடு பூரா வெள்ளையடிச்சிட்டாம்னா பாத்துக்கோயேன்."

பித்தம் தணியட்டும் என்று பிள்ளைகளைப் பிடித்தபடி அருவிக்கடியில் நிற்கிற தாய்மாரை எத்தனையோ சாரலில் பார்த்திருக்கிறேன். நோய் பித்தமாக இருந்திருந்தால் அம்மா செய்ததில் ஒரு குறையும் இல்லை. போன தடவை இதேபோல் நாலு ராத்திரி உறங்காமல் இருந்துவிட்டுத்தான் கணேசன் செங்கோட்டையிலிருந்து தண்டவாளம் வழியே மலைக்குள் நடந்துபோனான். ரயில் வருவதற்குச் சற்று முன்னால் ரயில்வே ஊழியர் ஒருவர் அவனை இழுத்துப் போட்டார்.

"இப்ப எங்கன இருக்கான்?"

"மறுபடியும் தனியாக் குளிக்கப் போயிருக்கான். மலைமேல செண்பகா அருவிக்கு ஏறப்போறேன்னான். வந்துருவாம்ட்டி."

மேலே யாரையும் விடுவதில்லை. அவன் காட்டு வழியாக ஏறுவான், வழுக்குப் பாறையில். குற்றாலத்துக்குப் பத்து நிமிடத்தில் போகக்கூடியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான், மேலகரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் என் கணவரின் அண்ணன். பித்தத்துக்குக் குளிக்கப் போனவனைத் தேடச் சொன்னால் அவர் கடையை விட்டு எழுந்திருக்கமாட்டார். வேறு வழியில்லை, அவருக்குப் போன் போட்டேன்.

"அத்தான், கணேசனுக்குப் பித்தம் இல்ல. மனநோய், பைபோலார். அம்மா மாத்திரைய நிறுத்திட்டா. செண்பகாவுக்கு ஏறுதான். உசுரு போயிரும், உடனே போங்க."

கடைச் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "கல்யாணத்துக்கு முன்னயே உண்டா?"

"உண்டு. மறைச்சது நாந்தான்."

"சரி, போனை வையி."

அடுத்த இரண்டு மணி நேரத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. தம்பிக்குப் பித்தப்பைக் கல் முற்றிவிட்டது என்று நினைத்த பிர்கிட், என் வேலையையும் சேர்த்துப் பார்த்தாள்.

பிறகு அத்தானின் எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. பாதி மலை ஏறியிருந்தவனைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். டாக்டரிடம் போகக் கார் சொல்லியிருப்பதாக யாரிடமோ சொல்வது கேட்டது, என் முகத்தைப் பார்க்காமலே போனைத் தம்பி பக்கம் திருப்பினார். திரையில் கணேசன் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தான். மூச்சுவிடாமல் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"எக்கா, என் நோய்க்கு என்னமோ பேரு சொன்னியாமே அத்தாங்கிட்ட. பத்து வருசமா எங்கிட்டச் சொல்லலயே. பித்தம்னுல்லா நானும் அருவியில போயி நின்னேன். அந்தப் பேர இப்பச் சொல்லு."

இங்கே யார் யாருடைய மருத்துவ அட்டைகளிலோ நான் சாதாரணமாக வாசிக்கிற பெயர். அவனிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அழுதுகொண்டே, நடைக்கூடத்தில் நின்று சத்தமாகச் சொன்னேன். "பைபோலார், கணேசா. இருமுனையப் பிறழ்வு. மனசுக்கு வர்ற நோய். மாத்திரையிலதான் அடங்கும்."

என்னைக் கடந்துபோன ஒருவருக்கும் ஒரு சொல் புரியவில்லை. திரையில் அம்மா எழுந்துபோய்த் தெருப்பக்கத்துச் சன்னலைச் சாத்தினாள்.