கேள்விக்குக் கீழே ஒரு கப்டன்

கப்பல் ஏஜென்சி வேலை என்றால் கடலோடு வேலை என்று நினைப்பீர்கள்; எங்கள் திருகோணமலைக் கந்தோரில் அது முழுக்க மெயிலோடு மாரடிக்கிற வேலை. வந்த மெயிலுக்கு மேலே பதில் எழுதுவதா, கீழே எழுதுவதா என்று நீங்களும் எங்கேயாவது ஏச்சு வாங்கியிருப்பீர்கள். எங்களிடம் அதில் ஒரு மாலுமியின் உயிரே போகப் பார்த்தது.

சேரின் சட்டம்

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை என்று சேர்ந்தனான். மனேஜர் நவரத்தினம் சேருக்கு, மெயிலில் எழுதும் பதில் எப்போதும் உச்சியில் இருக்கவேண்டும். பழைய மெயில்கள் கீழே வால் மாதிரித் தொங்கும்; அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். நானோ அந்த வாலை அடியிலிருந்து மேலே, அவரவர் குரலில் நாடகமாக வாசிப்பேன். கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் பரீனா அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பா. ஒருநாள் பாதியில் சிரிப்பை விழுங்கிவிட்டு மெதுவாகச் சொன்னா: "டேய், சேர் பின்னால நிக்கிறார்."

வெறும் மெயில்

கொட்டியாரக் குடாவில் நின்ற கப்பலில் ஒரு மாலுமிக்கு வயிற்றுவலி; வாய் திறந்து கதைக்கவும் ஏலாத நிலை. கரைக்குக் கொண்டுவரப் படகில் ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி டொக்டர் கேட்ட மூன்று கேள்விகளைச் சேர் கப்டனுக்கு எழுதினார்: வலி எப்போது தொடங்கியது? வாந்தி உண்டா? ஒத்துவராத மருந்து ஏதும் உண்டா? ஊசி போடமுதல் மூன்றாவது கேள்வியின் பதில் கட்டாயம் வேண்டும்.

பதில் வந்தது. உச்சியில் ஒரு எழுத்தும் இல்லை. திரும்பக் கேட்டோம், அதே மெயில் திரும்ப வந்தது. ரேடியோவில் வெறும் இரைச்சல். படகு இறங்குதுறையை நெருங்கிவிட்டது. சேர் மேசையில் அடித்தார்: "கப்டனுக்கு என்ன விசரா? வெறும் மெயில அனுப்பிக்கொண்டிருக்கிறான்!"

குரல் மாறின இடம்

பயம் வந்தால் என் வாய் சும்மா இராது. கீழே கிடந்த சேரின் மெயிலையே சேரின் குரலில், தொண்டைக் கனைப்போடு வாசிக்கத் தொடங்கினேன். முதல் கேள்வி சரியாக வந்தது. அடுத்த வரி அந்தக் குரலில் வரவில்லை. 'நேற்றிலிருந்து.' அவ்வளவுதான். 'மேற்படி விடயமாக', 'தயவுசெய்து' இல்லாமல் எங்கள் சேர் ஒரு வரி எழுதமாட்டாரே!

அது கப்டன். ஒவ்வொரு கேள்விக்கும் அடியிலேயே, அதே நிறத்தில் பதில் எழுதியிருந்தார். மூன்றாவதன் கீழே: 'பெனிசிலின் கூடாது.' கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொன்ன மனிதரைத்தான் விசரன் என்று ஏசிக்கொண்டிருந்தோம்.

சேர் டொக்டருக்குப் போன் எடுத்துச் சொன்னார். வேறு மருந்து போடுகிறார்களாம். போனை வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர், என் பக்கம் திரும்பினார்: "நான் உப்பிடியா தம்பி கனைக்கிறனான்?"

மேலேயா கீழேயா என்ற சண்டை எங்கள் கந்தோரில் இன்னும் முடியவில்லை, ஆனால் எந்த மெயிலையும் கடைசி வரிவரை வாசிக்கிற வேலையை எல்லாரும் ஒற்றுமையாக என் தலையில் கட்டிவிட்டார்கள்.