அவரைக்கு இருக்கிற ரத்தம் எனக்கு இல்லை

அவரைச் செடியைப் பிடுங்கி, வேர்ல இருக்கிற முடிச்சைக் கீறிப் பாக்கிறதுதான் என் உத்தியோகம். நல்ல முடிச்சுன்னா உள்ளே ரத்தம் மாதிரி செவப்பா இருக்கும். அந்தச் செவப்புக்கு இரும்பு வேணும். மண்ணுல இரும்புக்குப் பஞ்சமே இல்லை; ஆனா துருவா இறுகிக் கெடக்கும், லேசுல கரையாது. செடியை அண்டிப் பொழைக்கிற பாக்டீரியா, பசி வந்ததும் சிடரோபோர்னு ஒரு குட்டிக் கொக்கியைச் செஞ்சு வெளியே அனுப்பும். அது இரும்பைக் கவ்விக்கிட்டு வீடு திரும்பும். இதை நாளெல்லாம் பேசுவேன். தூரத்துல என்னைப் பாத்தாலே எங்க ஆய்வகத்துக் காவலாளி போன் வந்த மாதிரி நடிப்பார்.

இப்படிப்பட்டவளுக்கு உடம்புல ரத்தம் இல்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வேற சமயமா இருந்தா போனாப் போகுதுன்னு விட்டிருப்பேன். ஆனா என் தம்பிக்கு ரெண்டு சிறுநீரகமும் கெட்டுப் போயிருந்தது. ஒன்னை நான் குடுக்கறதா முடிவாகி, மத்த பரிசோதனை எல்லாம் பொருந்தி வந்தாச்சு. ரத்தம் ஊறினாத்தான் ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க.

இரும்பு மாத்திரை குடுத்தாங்க. தவறாம முழுங்கினேன். ஏறலை. மாத்திரையை மாத்தினாங்க, அப்பவும் ஏறலை. அதுக்குள்ள தம்பிக்குக் கால் வீங்கி, அவன் வீட்டு மாடிப்படி ஏற முடியாம எங்க வீட்டுக்கே வந்துட்டான். தையல்காரன் அவன். ஒரு சட்டை தைக்கிறதுக்குள்ள மூச்சு வாங்கும்.

மாத்திரையை எப்படிச் சாப்பிடறீங்கன்னு டாக்டரம்மா ஒருநாள் ஆரம்பிச்சாங்க. இரும்பைப் பத்தி எனக்கே பாடமான்னு மூக்கு சிவக்கப் பேசிட்டு எழுந்து வந்துட்டேன். சிவந்திருக்காது. அதுக்கும் ரத்தம் வேணுமே.

தம்பிக்குக் குடிக்கிற தண்ணிகூட அளவுதான். அப்படியும் காலையில எழுந்து எனக்கு டீ போடுவான். சிறுநீரகம் குடுக்கிறவளுக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படின்னு கேலி வேற. நல்ல ஸ்ட்ராங்கான டீ. தெனமும் மாத்திரையை அதோடதான் முழுங்குவேன்.

அன்னைக்கும் அப்படித்தான் டம்ளரும் கையுமா உக்காந்து ஆய்வகக் கதையை அளந்துக்கிட்டிருந்தேன். எங்க பாக்டீரியா சொகுசு கண்டுடுச்சு, சுலபமா இரும்பு கெடைச்சா கொக்கி செய்யறதே இல்லை, அதனால இரும்பைக் கட்டிப்போட ஒரு மருந்தைக் கலந்து பட்டினி போடறோம்னு சொன்னேன். கட்டிப்போடறதுன்னா என்னன்னு கேட்டான்.

"இரும்பு அங்கேயேதான் இருக்கும், ஆனா எடுத்துக்க முடியாது. டீயில இருக்கிற துவர்ப்பு பண்ணுமே, அந்த மாதிரி"ன்னு சொல்லிட்டு மாத்திரையை வாயில போட்டு டம்ளரைத் தூக்கினேன்.

"அக்கா, கையில என்ன?"

மாத்திரை நாக்குலயே கரைஞ்சு துரு மாதிரி ருசிச்சது. ஊருக்குத்தான் உபதேசம்னு என்னை வெச்சுத்தான் சொல்லியிருக்கணும். தம்பி நாற்காலியில சாஞ்சுட்டான். தெனமும் டீ போட்டுக் குடுத்து என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேனேன்னு சிரிக்க ஆரம்பிச்சவனுக்குக் கண்ணு நெறைஞ்சுடுச்சு. எனக்கும்தான்.

டாக்டரம்மாகிட்டப் போய் ஒப்பிச்சேன். அவங்க சிரிக்கலை, பாவம், ரொம்ப நேரம் ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தாங்க. மாத்திரையை எலுமிச்சைத் தண்ணியோட போடுங்க, டீயை ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிங்கன்னாங்க. பயத்துல நான் டீயையே விட்டுட்டேன். தலைவலி மண்டையைப் பொளந்தது. வீட்டுல எல்லார்மேலயும் எரிஞ்சு விழுந்தேன்.

அடுத்த பரிசோதனையில ஏறிடுச்சு. ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்து தம்பிகிட்டச் சொன்னேன். சமையலறைக்குப் போய் ரெண்டு டம்ளரை எடுத்துக் கழுவி, பக்கத்துல பக்கத்துல கவுத்து வெச்சான். எதுக்குடா ரெண்டுன்னு கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் நானும் உன்கூட ஒரு முழு டம்ளர் டீ குடிக்கிறேன்க்கா."