மேற்கே திரும்பிய ஏரியல்

இது நடந்தது. 1955-ல், அருமனையில், என் வீட்டு ஓட்டுக்கடியில். நம்பாதவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை. வந்து பார்க்கட்டும். அந்த ஏரியலின் மரச்சட்டம் இன்னும் அங்கேதான் நிற்கிறது.

கொழும்பில் பத்து வருடம் கடையில் நின்றுவிட்டு ஊர் திரும்பும்போது ஒரு பேட்டரி ரேடியோ கொண்டுவந்தேன். என் மகள் குளோரி திருச்சியில் படித்தாள். அந்த ஞாயிறு மாலை ஆறரைக்குத் திருச்சி வானொலியில் ஒரே ஒரு பாட்டு, தனியாகப் பாடப்போகிறாள். "பொம்பளப் பிள்ளையப் பாட்டுக்கு விட்டவன்" என்று சொந்தக்காரர்கள் வாய் வலிக்கப் பேசினார்கள். அந்த வாய்களையெல்லாம் என் முற்றத்தில் உட்காரவைத்துக் கேட்கவைப்பது என்று முடிவு செய்தேன்.

திருச்சி இங்கே மங்கலாகத்தான் கேட்கும். மழைக்காலம் வேறு, வெளியே கம்பம் நட்டால் இடி இறங்கும். அதனால் தட்டும்புறத்தில், ஓட்டுக்கும் மரத்தட்டுக்கும் நடுவில், சுழலும் ஏரியல் ஒன்று வைத்தேன். மரச்சட்டத்தில் கம்பியைச் சுற்றி, அச்சில் நிறுத்தி, கீழிருந்து திருப்பக் கயிறும் கட்டினேன். சட்டத்தின் விளிம்பு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசை நிலையம் தெளிவாகக் கேட்கும். மரம் வாங்கவில்லை. அங்கேயே பழைய பாய்களுக்கடியில் நல்ல அயினிமரப் பலகை ஒன்று கிடந்தது. அதை அறுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வடக்கே, திருச்சிக்கு நேராக நிறுத்தினேன். சனிக்கிழமை காலை மேற்கே பார்த்து நின்றது. எலி என்றேன். திருப்பி நிறுத்தி ஆணி அடித்தேன். ஞாயிறு காலை... மறுபடியும் மேற்கு. ஆணி பக்கத்தில் கிடந்தது. வளையக்கூட இல்லை.

"கழத்திப் போடுங்கோ," என்றாள் என் மனைவி சத்தியபாய்.

"எலிக்குப் பயந்தா?"

"எலி ஆணி புடுங்குமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. மறுபடியும் வடக்கே திருப்பி நிறுத்தினேன். மாலையில் முற்றம் நிறைய ஆள். சரியாக ஆறரை. அறிவிப்பாளர் குளோரியின் பெயரைச் சொன்னார். உடனே மேலே... க்ரீச்... திருச்சி அடங்கிப்போனது. யாரோ சிரித்தார்கள். கயிற்றை இழுத்தேன். வரவில்லை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும். ஏணியில் ஏறினேன்.

இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து வடக்கே திருப்பினேன். கீழே குளோரியின் குரல் எழுந்தது.

சட்டம் எதிர்ப்பக்கம் இழுத்தது.

நான் விடவில்லை.

டக்... டக்... பலகைக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள். ஈரமண் வாடை. என் விரல்களின்மேல் குளிர்ச்சியாக ஏதோ உதிர்ந்தது... மண்.

"எம்பிள்ள பாடி முடிக்காம விடமாட்டேன்," என்றேன். "நீ யாரா வேணும்னாலும் இரு."

இழுப்பு நின்றது.

பாட்டு முடிந்தது. கையை எடுத்தேன்.

சட்டம் மெதுவாக... தானாக... மேற்கே திரும்பியது.

மறுநாள் ஆசாரி பொன்னுலிங்கத்தைக் கூட்டிவந்து காட்டினேன். பலகையைத் தடவியவர் கையை வெடுக்கென்று எடுத்தார். நான் கொழும்பில் இருந்தபோது என் பெரியப்பா யேசுரத்தினம் வைசூரியில் இறந்தார். அவர் தம் சவப்பெட்டிக்கென்று முன்கூட்டியே ஆறு பலகை அறுத்து இதே தட்டும்புறத்தில் வைத்திருந்தாராம்.

"அவசரத்தில அஞ்சுதான் கெடச்சுது மக்கா. மூடியில மொகத்துக்கு மேல உள்ள பலக இல்ல. பாயப் போட்டு மண்ணு தள்ளிட்டோம்," என்றார் அந்தப் பெட்டியைச் செய்த ஆசாரி.

கல்லறைத் தோட்டம் எங்கள் வீட்டுக்கு நேர் மேற்கே.

பலகையைக் குழியில் சேர்த்துவிடு என்றார்கள். மாட்டேன் என்றேன். குளோரி இன்னும் வானொலியில் பாடுகிறாள். அவள் பாடும் நாட்களில் ஏறிச் சட்டத்தை வடக்கே திருப்பிப் பிடித்துக்கொள்வேன். பெரியப்பா இப்போது இழுப்பதில்லை. பாட்டு முடிந்ததும் மண் வாடை வரும். கையை எடுத்துவிடுவேன்.