ஒன்பது வீதம்

றெமிஜியஸ் தேர்தலில் நின்றதே கட்சிக்கு வேறு ஆள் கிடைக்காததால்தான். மோர்னிங்சைட்டை உள்ளடக்கிய அந்த மாகாணத் தொகுதியில் காலங்காலமாக ஒரே கட்சிதான் வென்று வந்தது. மற்றக் கட்சிகள் பெயருக்கு ஒருவரை நிறுத்திவிட்டு வேறு இடம் பார்க்கப் போய்விடும். மன்னாரிலிருந்து இந்த நாட்டுக்குப் புலம்பெயர்ந்து வந்து, நடக்க ஏலாதவர்களை ஏற்றி இறக்கும் சிறிய பஸ்ஸை வருடக்கணக்காக ஓட்டி வந்த றெமிஜியஸ்தான் இந்த முறை அந்தப் பெயர்.

அவர் சம்மதித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகும் யூஜினி அக்கா பதினோராம் மாடியில் இருந்தார். அந்தக் கட்டடத்து லிப்ட் அடிக்கடி நின்றுவிடும். நின்றால் சக்கர நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்க வேண்டும். தூக்க ஆள் இல்லாத நாட்களில் சிகிச்சை தவறிப்போகும். லிப்டைத் திருத்துவதற்குக் காலக்கெடு வைக்கும் சட்டம் வேண்டுமென்று குடியிருப்பாளர்கள் தொகுதி உறுப்பினரான பெண்மணியிடம் கேட்டுக் களைத்துவிட்டார்கள். அதைச் சொல்லிக்கொண்டு, வேலை முடிந்த பின்னேரங்களில் றெமிஜியஸ் கதவு கதவாகத் தட்டினார்.

ஒருநாள் மகள் ஸ்டெபனி போனைக் காட்டினாள். “அப்பா, கோவிக்காமப் பாருங்கோ.”

யார் வெல்வார் என்று ஆட்கள் காசு வைக்கும் அமெரிக்க இணையத்தளம் அது. காசு விழுகிற பக்கத்தைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் வெல்லும் வாய்ப்பை நூற்றுக்கு இத்தனை வீதம் என்று காட்டும். உறுப்பினருக்குத் தொண்ணூற்றெட்டு. றெமிஜியசுக்கு ஒன்று.

“ஒண்டாவது தந்தாங்களே” என்று சிரித்தார். ஆனால் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். தோற்பது தெரிந்த விஷயம்தான். தன் முகத்தையே பார்த்திராதவர்கள் அதற்கு ஒரு எண் போட்டு வைத்திருப்பது வேறு விதமாகச் சுட்டது.

குடியிருப்பாளர் சங்கம் தேவாலய மண்டபத்தில் வேட்பாளர் கூட்டமொன்று ஒழுங்குசெய்திருந்தது. உறுப்பினருக்கு நேரமில்லை என்று பதில் வந்தது. வெல்வது நிச்சயம் என்றானபின் அவர் எதற்காக வர வேண்டும்?

அந்தக் கிழமையே றெமிஜியசின் எண் திடீரென்று ஒன்பதாகியது. அதைக் கண்டு மறுநாள் உறுப்பினரின் அலுவலகத்தில் வேலைசெய்யும் மிதுனன் போனில் அழைத்தான்.

“அங்கிள், உங்கட பக்கம் என்ன நடக்குது? ஏதும் சர்வே எடுத்தனீங்களோ?”

“சர்வேயோ? என்னட்ட இருக்கிறது ஒரு பெட்டி நோட்டீசும் மகளின்ர காரும்தான் தம்பி.”

“சொல்ல விருப்பமில்லையெண்டா பரவாயில்லை அங்கிள்.”

ஸ்டெபனி தேடிப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. எங்கோ இருந்த ஒருவர் பெயர் ஒத்த வேறு தொகுதியென்று நினைத்து இங்கே றெமிஜியசின் பேரில் நிறையக் காசைப் போட்டுவிட்டு, அந்தத் தளத்திலேயே தன்னைத் தானே திட்டி எழுதியிருந்தார். றெமிஜியசுக்கு மனம் கேட்கவில்லை. தானே மிதுனனை அழைத்தார்.

“தம்பி, உது ஆரோ மாறிப் போட்ட காசாம். எனக்கு ஆதரவு அப்பிடியொண்டும் கூடேல்ல.”

“ஓகே அங்கிள், விளங்குது” என்றான் மிதுனன். அவன் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. உறுப்பினர் கூட்டத்துக்கு வருவதாக அன்று பின்னேரமே அறிவித்தல் வந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. றெமிஜியஸ் தடுமாறித் தடுமாறிப் பேசினார். பாதியில் ஆங்கிலம் கைவிட்டது. கேள்வி நேரத்தில் யூஜினி அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு முன்னால் போனார். அவர் தமிழில் கேட்டதை ஸ்டெபனி ஆங்கிலத்தில் சொன்னாள்.

“ஒருக்கா எங்கட பதினொராம் மாடிக்குப் படியால ஏறி வந்து பாருங்கோ. ஏறின களை ஆறினாப்பிறகு கதைப்பம்.”

ஆட்கள் சிரித்தார்கள். உறுப்பினர் சிரிக்கவில்லை. இரண்டு நாளில் வந்தார். லிப்ட் அன்றும் நின்றிருந்தது. மூச்சு வாங்க ஏறி வந்து, யூஜினி அக்காவின் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்; அங்கிருந்தே கட்டட உரிமையாளரின் கம்பனியை அழைத்தார். தேர்தலுக்கு முன்பே வேலையாட்கள் வந்து லிப்டைத் திருத்தினார்கள். சட்டம் கொண்டுவருவதாகவும் சொன்னார். அது இன்னும் வரவில்லை.

றெமிஜியசின் எண் பழையபடி ஒன்றுக்கு இறங்கியது. தேர்தலில் மூன்றாவதாக வந்தார்.

அடுத்த முறை யூஜினி அக்காவை ஏற்றி, நாற்காலிக்குப் பட்டி போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா மெதுவாகச் சொன்னார்.

“தம்பி, உன்னட்டப் பொய் சொல்லேலாது. நான் அவவுக்குத்தான் வோட்டுப் போட்டனான். அவ்வளவு படியும் ஏறி வந்தவ. கோவமே?”

“சீச்சீ, கோவமில்லை அக்கா.”

அது முழு உண்மையல்ல. முதல் சிக்னல் வரைக்கும் கண்ணாடியில் அக்காவைப் பார்க்காமலே ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை நிறுத்தும்போது, ஆரோ மாறிப் போட்ட காசுக்குப் பயந்து உறுப்பினர் அவ்வளவு படியும் ஏறியது நினைவுக்கு வந்து அவருக்குத் தானாகச் சிரிப்பு வந்துவிட்டது. என்னவென்று யூஜினி அக்கா கேட்டார். “ஒண்டுமில்லை, வாங்கோ, நேரமாச்சு” என்று அவரை உள்ளே கூட்டிப் போனார்.